கூட்டுக்காரன் கொடைச்சோறு வேண்டாம் என்கிறான். எப்படிக் கேட்பது?

பால்வெட்டு:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் குலசேகரம் பக்கம், தொழில் ரப்பர் பால்வெட்டு. இந்த விஷயத்தை வீட்டில் சொல்ல முடியவில்லை, ஊரில் வாயைத் திறந்தால் வேறு மாதிரி பரவிவிடும், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு கூட்டுக்காரன் இருக்கிறான். ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒரே பெஞ்சு. இருபது வருடமாக ஒரே தோட்டத்தில், பக்கத்துப் பக்கத்து பிளாக்கில் வெட்டுகிறோம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. காலையில் நாலரைக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் ஏழு, ஏழரைக்குள் மரம் எல்லாம் முடியும். அப்புறம் சிரட்டையில் பால் சொட்டி முடியும்வரை எங்களுக்கு வேலை இல்லை. அந்த ஒன்றரை இரண்டு மணி நேரம்தான் எங்கள் பேச்சு எல்லாம். ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்து கட்டன் சாயா குடிப்போம், அவன் வீட்டு மரச்சீனிக் கிழங்கோ என் வீட்டு இட்லியோ எது வந்தாலும் ஒரே இலையில் சாப்பிடுவோம். அவனுடைய கல்யாணம், என் அப்பாவின் சாவு, இரண்டு பேருடைய கடன், எல்லாவற்றையும் அந்தத் திண்ணையில்தான் பேசினோம்.

அவன் குடும்பமும் எங்களோடு சேர்ந்து இசக்கியம்மனுக்குக் கொடைத் திருவிழா கொடுத்த குடும்பம்தான். நாலு வருடத்துக்கு முன்னால் அவன் மகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய், யாரோ சொல்லி ஒரு சபைக்கு ஜெபத்துக்குப் போனான். பிள்ளை தேறியது. அவன் ஞானஸ்நானம் எடுத்தான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அவன் மகள் என் மடியில் வளர்ந்த பிள்ளை, அவள் எழுந்து நடந்தாளே அது போதும் என்றுதான் இருந்தேன்.

ஒவ்வொரு சித்திரையிலும் கொடை முடிந்த மறுநாள் தூக்குவாளியில் அம்மனுக்குப் படைத்த படப்புச் சோறும் சர்க்கரைப் பொங்கலும் அவனுக்குக் கொண்டு போவேன். முதல் மூன்று வருடம் வயிறு சரியில்லை, உபவாசம் என்று ஏதாவது சொன்னான், நானும் நம்பினேன். இந்த வருடம் நான் மூடியைத் திறந்ததும் அவன் அதை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு கையாலும் மெதுவாகத் திரும்ப மூடி, வாளியை என் பக்கம் தள்ளி வைத்தான். "வேண்டாம்டே, இனி கொண்டு வராதே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் "சாப்பிட்டாரா?" என்று மனைவி கேட்டாள், சாப்பிட்டான் என்று பொய் சொன்னேன்.

அதிலிருந்து ஷீட் விலை, மழை, இதைத் தவிர நாங்கள் வேறு எதுவும் பேசுவதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. போன மாதம் அவர்கள் சபைக் கன்வென்ஷனில் ஒலிபெருக்கியில் ஒருவர், இந்த அம்மன் காவுகளில் இருப்பது எல்லாம் பிசாசு என்று பிரசங்கம் செய்தார். என் அம்மை நடையில் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை, உரிப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். அவனுக்குச் சின்ன வயதில் எத்தனையோ நாள் சோறு போட்டவள் அவள். அவனும் அப்படித்தான் நினைக்கிறானா என்று எனக்குத் தெரிய வேண்டும். கேட்டால் சண்டை ஆகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. எப்படிக் கேட்பது? இல்லை, கேட்காமலே இருந்துவிடவா?

விளவங்கோடு:

தம்பி, என் அனுபவத்தில் சொல்கிறேன், கேட்காதீர்கள். 2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.6 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.8, முஸ்லிம்கள் 4.2. இப்படிக் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி இருக்கிற இடத்தில் நாம் நிம்மதியாக இருப்பதற்குக் காரணமே, ஒருத்தர் சாமியைப் பற்றி இன்னொருத்தர் பேசாமல் இருப்பதுதான். கல்யாணத்துக்குப் போவோம், துட்டிக்குப் போவோம், கிறிஸ்துமஸுக்குக் கேக் வரும், ஓணத்துக்குப் பாயசம் போகும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இருபது வருட நட்பை ஒரு கேள்விக்காகப் பணயம் வைக்க வேண்டாம்.

ஆரல்காற்று:

பால்வெட்டு அண்ணே, நான் உங்கள் கூட்டுக்காரனைப் போல ஒரு சபைக்காரன். 2013-ல் ஞானஸ்நானம் எடுத்தவன். உங்கள் பதிவைப் படித்ததும் இதற்குக் கட்டாயம் எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் அந்த வாளியை மூடியவன் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன்.

முதலில், அவன் ஏன் சாப்பிடவில்லை என்பது. எங்கள் வேதத்தில் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில் 8, 9, 10 மூன்று அதிகாரங்கள் கிட்டத்தட்ட இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகின்றன. கொரிந்தில் கோயிலில் பலியிட்ட இறைச்சி கடைக்கும் வரும், விருந்துக்கும் வரும். சபையில் இருந்தவர்களில் பலர் அதே கோயில்களில் வளர்ந்தவர்கள். சாப்பிடலாமா கூடாதா என்று அவர்களுக்குள்ளேயே தகராறு. விக்கிரகம் என்பது ஒன்றுமில்லை, சாப்பாடு நம்மைக் கடவுளுக்குக் கிட்டே கொண்டு போகவும் செய்யாது, தூரமாக்கவும் செய்யாது என்று பவுல் 8-ல் சொல்கிறார். ஆனால் நேற்றுவரை கும்பிட்டவனுக்கு அதைச் சாப்பிட்டால் மனச்சாட்சி உறுத்தும், அவனை இடற வைக்காதே என்றும் அங்கேயே சொல்கிறார். 10-ல் இன்னும் நுணுக்கம் உண்டு. விசுவாசம் இல்லாதவன் வீட்டு விருந்துக்குப் போனால், முன்னால் வைத்ததை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடு. ஆனால் இது படைத்தது என்று ஒருவன் சொன்னால், சொன்னவன் பொருட்டுச் சாப்பிடாதே.

இப்போது உங்கள் வாளியைப் பாருங்கள். நீங்கள் ஒவ்வொரு வருடமும் "படப்புச் சோறு" என்று சொல்லித்தான் கொடுத்திருப்பீர்கள், உங்கள் அன்பே அதில்தான் இருக்கிறது. அவன் நாலு வருடத்துக்காரன். அந்தப் பொங்கல் அவனுக்கு வெறும் அரிசியும் சர்க்கரையும் இல்லை. அதே அம்மன் முன்னால் சின்ன வயதிலிருந்து கைகூப்பி நின்றவன் அவன். அருவருப்பால் தள்ளினான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், எனக்கு அது பயம் என்று தோன்றுகிறது. அதைச் சாப்பிட்டால் மகளுக்குக் கிடைத்த சுகம் போய்விடுமோ என்றுகூட அவனுக்குள் இருக்கலாம். எனக்கு அந்த மாதிரிப் பயம் ஐந்தாறு வருடம் இருந்தது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அதே 10-ஆம் அதிகாரத்தில், புறஜாதியார் பலியிடுவது பேய்களுக்கு என்றும் எழுதியிருக்கிறது. நான் அதை நம்புகிறவன். இங்கே உங்களிடம் இல்லை என்று சொன்னால் நான் பொய்யன். ஆனால் நான் நம்புவது ஒன்று, அதை ஒலிபெருக்கியில் ஒரு வயதான அம்மையின் நடைக்குள் கத்துவது வேறு. அது தப்பு. உங்கள் அம்மையிடம் முடிந்தால் ஒரு சபைக்காரன் மன்னிப்புக் கேட்டான் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, இது என் சொந்தக் கதை. ஆரம்பத்தில் பழைய நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு கணக்கு இருக்கும். தொழில் எப்படி என்று கேட்பேன், வீட்டில் யாருக்காவது சுகமில்லையா என்று கேட்பேன், ஏதாவது சொன்னதும் "ஜெபம் பண்ணலாமா" என்று ஆரம்பிப்பேன். ஒருநாள் ஒருத்தன் நேராகச் சொன்னான்: "நீ என்கிட்ட பேச வரல்ல, என்னை எடுக்க வந்திருக்க." ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. மறுநாள் போய், ஆமாம், நீ இரட்சிக்கப்பட வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு, அது போகாது, அதை ஒளித்து வைத்துக்கொண்டு உன் அப்பாவின் சுகம் விசாரித்தது தப்பு என்று சொன்னேன். அதற்கு அவன், "சரி, எனக்கும் நீ பழையபடி ஆகணும்னு ஆசை உண்டு" என்றான். இரண்டு பேரும் அதை வெளியே எடுத்து வைத்த பிறகுதான் உருப்படியாகப் பேசவே முடிந்தது. இன்றுவரை அவன் மாறவில்லை, நானும் மாறவில்லை. அண்ணே, உங்கள் மனசில் என்ன ஆசை இருக்கிறது? அவன் பழையபடி படப்புச் சோறு சாப்பிட வேண்டும் என்பதா? அப்படி இருந்தால் அதையும் அவனிடம் சொல்லிவிட்டே கேளுங்கள்.

தக்கலை டீச்சர்:

ஆரல்காற்று எழுதியதை மதிக்கிறேன், ஒன்றில் மட்டும் ஒப்பவில்லை. "விசாரிக்காமல் சாப்பிடு" என்பது ஒரு நாள் விருந்துக்குச் சரியாக இருக்கலாம், ஒரே இலையில் சாப்பிடுகிற கூட்டுக்காரர்களுக்கு அது மறுபடியும் ஒளிப்புதானே. பால்வெட்டு அடுத்த வருடம் "சும்மா வீட்டுப் பொங்கல்" என்று சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தால் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பொய் உட்கார்ந்துவிடும்.

இந்தச் சோற்று வழக்கு மதம் விட்டு மதம் என்று நினைக்காதீர்கள், எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது. எங்கள் ஊரில் பீர் முகம்மது அப்பா தர்கா இருக்கிறது. ரஜப் மாதம் ஆண்டு விழாவில் அப்பா பாடிய ஞானப்புகழ்ச்சியை ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடுவார்கள், எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். என் உம்மாவுக்கு அந்த நேர்ச்சைச் சோறு என்றால் உயிர். வளைகுடாவில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்த என் தம்பி, அல்லாஹ்வைத் தவிர வேறு யார் பேரிலும் நேர்ச்சை கூடாது என்று அதைத் தொட மறுத்துவிட்டான். ஒரே தொழுகை, ஒரே குர்ஆன், ஒரே வீடு. உம்மா மூன்று நாள் அவனிடம் பேசவில்லை.

அப்புறம் உம்மாதான் கேட்டாள். "நான் செத்தா என் பேர்ல ஃபாத்திஹா ஓதிச் சோறு போடமாட்டியா?" என்று. உண்மையில் அவளை மூன்று நாளாக அரித்தது அதுதான். தர்கா இல்லை, நேர்ச்சை இல்லை. தம்பி அதுவரை கிதாபு, ஆதாரம் என்று பேசிக்கொண்டிருந்தவன், அதைக் கேட்டதும் அழுதுவிட்டான். "துஆ கேட்பேன் உம்மா, உங்க பேர்ல ஏழைகளுக்குச் சோறும் போடுவேன், எனக்குச் சரின்னு படுற முறையில போடுவேன்" என்றான். உம்மாவுக்கு அது முழுசாகப் பிடிக்கவில்லை. ஆனால் அவன் என்ன செய்வான், என்ன செய்யமாட்டான் என்று தெரிந்துவிட்டது, பிறகு தூங்கினாள். அதனால்தான் சொல்கிறேன், பால்வெட்டு, உங்களை அரிக்கிறது உண்மையில் எது என்று முதலில் பாருங்கள். சோறா? உங்கள் அம்மை பயறு உரிப்பதை நிறுத்தினாளே, அதுவா?

பால்வெட்டு:

டீச்சர், அம்மைதான். எழுதும்போது எனக்கே அது தெரியவில்லை.

கடலோரம்:

விளவங்கோடு அண்ணாச்சிக்கு ஒரு பதில். பேசாமல் இருந்ததால் நிம்மதியாக இருக்கிறோம் என்று சொல்கிறீர்கள். நான் மண்டைக்காட்டுக்குப் பக்கத்துக் கரை. 1982 மார்ச்சில் எனக்குப் பதினொரு வயது. மாசிக் கொடை நேரம், ஊர் எல்லாம் ஜனம், இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் கலவரம், துப்பாக்கிச்சூடு, சாவு. குன்றக்குடி அடிகளார் வந்து இரண்டு பக்கமும் சமாதானம் பேசினார், வேணுகோபால் கமிஷன் வந்து விசாரித்தது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நான் சொல்லப் போவது அது இல்லை, என் அம்மா கதை.

அம்மா தலையில் கடவத்தோடு உள்ளூர்களுக்கு நடந்து போய் மீன் விற்பாள். எங்கள் கரையில் சவேரியார் வந்து 1544-ல் ஞானஸ்நானம் கொடுத்த காலத்திலிருந்து நாங்கள் கத்தோலிக்கர், அம்மா போகிற ஊர்கள் எல்லாம் பெரும்பாலும் இந்து ஊர்கள். ஒரு வீட்டில் ஒரு வயதான அம்மை, பதினைந்து வருட வாடிக்கை. சாளை என்றால் அந்த வீட்டுக்குத்தான் முதலில். அந்தப் பதினைந்து வருடத்தில் இரண்டு பேரும் ஒருத்தர் கோயிலைப் பற்றி இன்னொருத்தர் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. அண்ணாச்சி சொன்ன மாதிரியேதான் இருந்தார்கள்.

கலவரம் வந்தபோது எங்கள் கரையில் ஒரு கதை ஓடியது. அவர்கள் கூட்டமாக வருகிறார்கள், வீட்டைக் கொளுத்தப் போகிறார்கள் என்று. இரண்டு ராத்திரி நாங்கள் பிள்ளைகள் எல்லாம் எங்கள் சர்ச்சுக்குள் படுத்தோம். அம்மா அதை அப்படியே நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? அவர்கள் என்ன நினைக்கிறார்கள், எங்களைப் பற்றி வீட்டுக்குள் என்ன பேசுகிறார்கள் என்று அவளுக்கு ஒன்றும் தெரியாதே. மீன் விலை மட்டும்தான் தெரியும்.

ஒன்றரை மாதம் கழித்துத்தான் திரும்பக் கடவத்தைத் தூக்கினாள், வேறு வழியில்லை, வீட்டில் அரிசி இல்லை. நானும் கூடப் போனேன். அந்த அம்மை கதவைத் திறந்து அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "உங்க ஆளுக எங்களைக் கொல்ல வாறாங்கன்னு சொன்னாவ. உள்ளதா?" அம்மா கடவத்தை இறக்கி வைத்தாள். "எங்ககிட்டயும் அதேதான் சொன்னாவ அம்மை" என்றாள். அந்த அம்மை, "நானும் நம்பினேன்" என்றாள். "நானும்" என்று அம்மா சொன்னாள். வேறு பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு அந்த அம்மை மீன் வாங்கவில்லை, அவர்கள் வீட்டில் ஏதோ விரதம். முதல் முறையாக அம்மா, அது என்ன விரதம் என்று கேட்டாள். அந்த அம்மை திண்ணையில் உட்கார வைத்துச் சொன்னாள், அம்மா எங்கள் தபசுகாலத்து ஒருசந்தியைச் சொன்னாள். நான் வெயிலில் நின்று கடவத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன், எப்போது போவோம் என்று.

அண்ணாச்சி, பேசாமல் இருப்பது நல்ல நாளுக்குத்தான் ஆகும். கெட்ட நாளில் அந்த இடத்தில் யாரோ ஒருத்தன் கதை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

விளவங்கோடு:

கடலோரம், படித்தேன். 82-ல் நானும் இருந்தவன், எங்கள் பக்கம் ஓடிய கதையும் அதேதான், ஆள் மட்டும் மாற்றம். நான் சொன்னதில் பொதுமேடைக்கும் ஊர்க்கூட்டத்துக்கும் இன்னும் மாறவில்லை, அங்கே மதம் பேசினால் ஒவ்வொருத்தரும் தன் ஆட்களைப் பார்த்துத்தான் பேசுவார்கள். திண்ணையில் இரண்டு பேர் என்றால் அது வேறு. தம்பி, கேளுங்கள். ஆனால் மூன்றாவது ஆள் இல்லாதபோது கேளுங்கள்.

ஜீவா ஊர்:

நான் பூதப்பாண்டி. கடவுள் நம்பிக்கை எனக்கு இல்லை. எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு பத்து வருடம் தப்பாகவே நடந்தது, அதற்கு நான்தான் காரணம். அப்பா சிவபக்தர். நான் கல்லூரியில் படித்ததை எல்லாம் கொண்டு வந்து கேள்வி கேட்பேன், அவருக்குப் பதில் வராது, நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுந்து போவேன். மெல்ல மெல்ல அவர் எதையும் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டார். கண் ஆபரேஷன் செய்ததையே எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும்.

ஒரு சிவராத்திரிக்கு அவரோடு சிவாலய ஓட்டம் போனேன். முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி. வயதான மனிதரைத் தனியாக விட மனசில்லாமல்தான் போனேன். வழியெல்லாம் "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடுகிறார்கள். சிவன் கோயிலுக்கு ஓடும்போது ஏன் கோவிந்தா என்று கேட்டேன். மடக்குவதற்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியவில்லை. அவர் நின்று என் முகத்தைப் பார்த்தார், இவன் எதற்குக் கேட்கிறான் என்று. பிறகு நடந்துகொண்டே சொன்னார்.

பாதி மனிதன், பாதி மிருகமான புருஷாமிருகத்துக்குச் சிவன் தவிர வேறு பேரே காதில் விழக் கூடாது. அதைக் கூட்டி வரப் பீமனைக் கண்ணன் பன்னிரண்டு உருத்திராட்சத்தோடு அனுப்புகிறார். பீமன் கோவிந்தா என்று கூவ, அது துரத்த, பிடிபடப் போகிற நேரத்தில் பீமன் ஒரு உருத்திராட்சத்தைக் கீழே போட, அது லிங்கமாக, மிருகம் நின்று பூசை செய்ய, இப்படியே பன்னிரண்டு இடம். கடைசியில் பீமனின் ஒரு கால் அதன் எல்லைக்குள்ளும் மறு கால் வெளியிலும் இருக்கும்போது பிடித்துவிடுகிறது. வழக்கு தருமரிடம் போகிறது. தன் தம்பி என்று பார்க்காமல், உள்ளே இருக்கிற பாதி உடம்பு புருஷாமிருகத்துக்குத்தான் என்று தருமர் தீர்ப்புச் சொல்கிறார். இதைச் சொல்லும்போது அப்பாவின் குரல் மாறியது. "அதுக்காகத்தாண்டே நான் வருஷா வருஷம் ஓடுறேன். தம்பின்னாலும் எல்லை எல்லைதான்னு சொன்னாரே, அந்த மனுஷனுக்காக."

பத்து வருடம் வாதாடியும் எனக்கு இது தெரியாது. அவர் மோட்சத்துக்காக ஓடுகிறார் என்று நானே முடிவு செய்து, அந்த மோட்சத்தைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். நட்டாலத்தில் ஓட்டம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது அவரே, இதே ஊரில் 1712-ல் பிறந்த நீலகண்டபிள்ளைதான் தேவசகாயம் ஆனவர், நம்பிக்கையை விடாததால் 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள் என்று சொன்னார். 2022-ல் போப்பாண்டவர் புனிதர் என்று அறிவித்தாரே, அவர்தான். அப்பாவுக்கு அதைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தது, அதுவும் நான் கேட்டுத்தான் வெளியே வந்தது.

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. பால்வெட்டு, உங்கள் கூட்டுக்காரன் என்ன நினைக்கிறான் என்று நீங்களே ஒரு முடிவு செய்து வைத்திருப்பீர்கள். அதை ஒரு நாள் ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

பால்வெட்டு:

எழுதிய எல்லாருக்கும் நன்றி. நேற்று பேசினேன். எப்படி நடந்ததோ அப்படியே சொல்கிறேன்.

வெட்டு முடித்துத் திண்ணைக்கு வந்தோம். வேறு யாரும் இல்லை. ஆரல்காற்று சொன்னபடி முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிட்டேன். "உன்னிடம் ஒன்று கேட்கணும், உன்னைத் திரும்பக் கொடைக்குக் கூப்பிடுவதற்கு இல்லை, அந்த ஆசை எனக்கு உண்டு, ஆனால் இன்றைக்கு அதற்கு இல்லை" என்றேன். அவன் சாயாவைக் கீழே வைத்தான். கன்வென்ஷன் அன்றைக்கு அம்மை நடையில் இருந்ததைச் சொன்னேன். பயறு உரிப்பதை நிறுத்தியதைச் சொன்னேன். "நீயும் அப்படித்தான் நினைக்கியா?" என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். சபையில் அப்படித்தான் போதிக்கிறார்கள், அவனும் அதைத்தான் விசுவாசிக்கிறான். ஆனால் அம்மையை நினைத்தால் அவனுக்கு அது ஓடவில்லை. "அம்மை கும்பிடுறதை அம்மை கையால எனக்குத் திருநீறா பூசினவ. அதைப் பேயின்னு என் வாயால சொல்ல வரல்ல. வேதத்தை மாத்தவும் எனக்கு முடியல்ல. ரெண்டையும் வச்சிட்டுத்தான் இருக்கேன்டே" என்றான். அன்றைக்கு அவனும் பந்தலில்தான் இருந்தானாம், ஒலிபெருக்கி எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பி வைத்திருப்பதைப் பார்த்தானாம், எழுந்து போய்த் திருப்பி வைக்கத் தைரியம் வரவில்லையாம். அதைச் சொல்லும்போது சிரட்டைத் துண்டு ஒன்றைக் கையில் வைத்துச் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

பொங்கலைப் பற்றியும் கேட்டேன். ஆரல்காற்று சொன்ன பயம் அவனுக்கு இருக்கிறது, மகளை நினைத்துத்தான். முதல் மூன்று வருடம் பொய் சொன்னதுதான் அவனுக்குப் பாரமாக இருந்ததாம், இந்த வருடம் நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று ஜெபித்துவிட்டு வந்தானாம். நான் அதை அவமானம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்காகத்தான் அவன் உண்மை பேச முயன்றான் என்பது தெரியாமல் போய்விட்டது. நானும் மனைவியிடம் பொய் சொன்னதை அவனிடம் சொன்னேன்.

அப்புறம் அவன் கேட்டது நான் எதிர்பாராதது. "நான் ஞானஸ்நானம் எடுத்த அன்னைக்கு நீ வந்த. ஆத்துக்கு வரல்ல, ரோட்டுல பைக்கில உக்காந்திருந்த. முடிஞ்சு நான் ஏறி வரும்போது நீ இல்ல. ஏன்டே?" என்று கேட்டான். நான் போனது அவனுக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. நாலு வருடமாக அதை மனசில் வைத்திருக்கிறான், கேட்கவில்லை. நானும் இத்தனை நாளும் என் வாளியை அவன் மூடியதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்ன சொல்வது என்று எனக்கு வரவில்லை. வேலை இருந்தது என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமா, அவன் கைவிட்டுப் போகிறான் என்ற கோபமா, எது என்று யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சரி என்றான். பால் நிறைந்துவிட்டது, வாளியை எடுத்துக்கொண்டு அவனவன் பிளாக்குக்கு இறங்கிவிட்டோம்.

சாயங்காலம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. நடையில் அம்மை பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன பேசினார்கள் என்று நான் போய் நிற்கவில்லை. இரவு மனைவியிடம் அந்தப் பொங்கல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், "எனக்கு அப்பவே தெரியும், வாளி கனமாகத்தானே வந்தது" என்றாள். நாளைக்கு வெட்டு இருக்கிறது. அவன் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.